ஒகாதா கிழவர் பேசமாட்டார்

கிளாவரை
9 ஜூன் 2025

கோகுல் மச்சானுக்கு,

போன் அடித்து அடித்து ஓய்ந்திருப்பீர்கள். எடுக்க மாட்டேன். எனக்குக் கோபம் என்பது ஒரு பக்கம். அப்பா சூடம் அணைத்துவிட்டார் என்பது இன்னொரு பக்கம்.

படம் பார்த்து வந்த மறுநாள் வெள்ளனே குளித்துவிட்டுக் காளியம்மன் கோயிலுக்குப் போனார். ஊர் பார்க்கச் சூடம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அந்த வார்த்தை படத்துக்கு எப்படிப் போச்சுன்னு அவன் இங்க வந்து நின்னு சொல்லணும். சொல்ற வரைக்கும் எங்க வீட்டுக்கும் அவனுக்கும் பேச்சுக் கெடையாது. தையில வச்ச கல்யாணமும் கெடையாது" என்றார். போனில் பேசுவது பேச்சில் சேருமா என்று நான்தான் கேட்டேன். சேரும் என்றார் ஊர்ப் பெரியவர் வேலுச்சாமி. வாட்ஸ்அப்பில் தட்டுவதும் பேச்சுதானாம். தபாலைப் பற்றி ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நீங்கள் வேலை பார்த்த படத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். அதன் அசலான "நட்சத்திரக் கணவாய்" ஜப்பான் தொடரின் இருபத்தாறு பாகத்தையும் உங்களோடு உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான், என் அபிப்பிராயம்தான் முக்கியம் என்று. எழுதுகிறேன்.

வேன் பிடித்து வத்தலக்குண்டுக்குப் போனோம். ஊரில் பாதிப்பேர் வந்தார்கள். தன் கொல்லை படத்தில் வருகிறது என்று அப்பா எல்லாருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். உங்களைப் பெற்ற அத்தை மட்டும் வரவில்லை, காது கேட்காத எனக்கு எதற்குப் படம் என்று இருந்துவிட்டார்கள். நல்லவேளை.

பதினேழாம் பாகத்தை நினைத்துப் பாருங்கள். சின்னப் பெண் சாயாவுக்குக் கண் போகப்போகிறது. பூத்த வயல் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பனிக்காலத்தில் எந்த வயல் பூக்கும்? ஒகாதா கிழவர் தன் முள்ளங்கியைப் பிடுங்காமல் விடுகிறார். ஊரே அவரைப் பைத்தியம் என்கிறது. அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தப் பாகம் முழுக்கப் பேசுவதில்லை. கடைசியில் வெள்ளைப் பூவுக்கு நடுவில் அந்தப் பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நடக்கிறாள். அதைப் பார்த்து நீங்கள் அழுததை நான் வெளியில் சொன்னதில்லை.

இந்தக் கதையைச் சொல்லித்தானே படப்பிடிப்புக்காக அப்பாவைக் கேரட் பிடுங்காமல் விட வைத்தோம்? "கேரட்டப் பூக்க விட்டா ஊரு காறித் துப்பும்லே" என்றார். முற்றிய கேரட்டை மாடுகூட மோந்துவிட்டுப் போய்விடும். ஆனாலும் விட்டார். மார்கழியில் பிடுங்க வேண்டியதைப் போன வருஷச் சித்திரை வரைக்கும் விட்டார். அந்த ஜப்பான் கிழவரின் பெயரைக்கூட ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டார்.

படத்தில் என் அப்பாவின் வெள்ளைப் பூ கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. அதில் கதாநாயகி ஆடினாள். அதைக்கூட அப்பா பொறுத்துக்கொண்டார். "கலரு மாத்திருக்காக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் விளக்கம் சொன்னார். அப்புறம் ஒகாதா கிழவர் வந்தார். தொந்தியும் மங்கிக் குல்லாவுமாக, வாய் மூடாத கேரட்டு மாமாவாக வந்தார். இழுத்து நடக்கும் இடதுகால் அப்பாவுடையது. மூச்சுக்கு ஒரு "ஏலே" அப்பாவுடையது. அவருடைய மட்டக்குதிரை செத்துக் கிடக்கிறது. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏ புள்ள, கண்ணத் தொற. கேரட்டுப் புடுங்க ஆளு வந்து நிக்குது" என்கிறார். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போனது. முறுக்குத் தின்ற நம் ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நடுவில் எழுந்து போகவும் முடியவில்லை, எல்லாரும் ஒரே வேன். முழுப் படத்தையும் பார்த்தார்.

அந்தக் குதிரைக் காட்சியை எழுதியது யார்? இது ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள்.

பாண்டிச்செல்வி

வளசரவாக்கம், சென்னை
20 ஜூன் 2025

அன்புச் செல்வி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். பிரித்தபிறகு இல்லை.

மாமா மனசு கஷ்டப்பட்டதில் எனக்கும் கஷ்டம்தான். ஆனால் நீயாவது புரிந்துகொள்ள வேண்டும். தொடருக்கு இருபத்தாறு பாகம் இருந்தது. ஒரு கிழவர் வாயைத் திறக்காமல் ஒரு பாகத்தையே ஓட்டலாம். எங்களுக்கு இரண்டே கால் மணி நேரம். இடைவேளைக்கு முன்னால் ஜனங்கள் ஒருமுறை வயிறு குலுங்கச் சிரித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்த் திரும்ப வரமாட்டார்கள். பேசாத கிழவர் வேண்டும் என்று நான் டைரக்டரிடம் சண்டையே போட்டேன். ஜப்பான் கம்பெனிக்காரர்களே கேரட்டு மாமாவை ரசித்தார்கள், அசலை எடுத்தவர்களே ஒத்துக்கொண்டபிறகு நாம் யார்? பூவின் நிறம் கேமராமேன் முடிவு. பனிமூட்டத்தில் வெள்ளை எடுபடவில்லை.

நீ கேட்ட காட்சி காமெடி நடிகர் ஸ்பாட்டில் பேசியது. எழுதி வைத்த வசனமே இல்லை. அவர் வாயில் எது வரும் என்று அவருக்கே தெரியாது. ஏதோ ஊர்ப்பேச்சு, அவருக்கும் மதுரைப் பக்கம்தான். தற்செயலாக மாமா பேசுவது போல அமைந்துவிட்டது.

சூடம் அணைத்ததையெல்லாம் இந்தக் காலத்தில் பெரிதாக எடுக்காதே. நான் வந்து மாமாவிடம் பேசினால் சரியாகிவிடும். அம்மாவிடம் சொல், படம் நாலாவது வாரம் ஓடுகிறது. டைட்டிலில் "வசன உதவி கோகுல்ராஜ்" என்று வருகிறதே, பார்த்தாயா? அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீ.

உன்,
கோகுல்

கிளாவரை
1 ஜூலை 2025

கோகுல்,

இனி நீங்கள் நாங்கள் எல்லாம் கிடையாது. மரியாதையை அந்த வேனிலேயே விட்டுவிட்டு வந்தேன், ஒரு கடிதம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ நடிகனைக் கையைக் காட்டுகிறாய். அந்த நடிகன் அன்றைக்கு ஜீப்பில் வந்தானா?

ஞாபகம் இல்லை என்றால் சொல்கிறேன். அம்மாவைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின்சீட்டில் அப்பா மடியில் அம்மாவின் தலை. நான் கையைப் பிடித்திருந்தேன், நீ காலைப் பிடித்திருந்தாய். கவுஞ்சி தாண்டியதும் மூச்சு நின்றுவிட்டது. அப்பாவுக்கு அது தெரியவில்லை, இல்லை தெரிந்தும் ஒத்துக்கொள்ளவில்லை. பூம்பாறை வரைக்கும் அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தார். எந்த வார்த்தை என்று நீயே எழுதிக்கொள். உனக்கு அது மனப்பாடம். ஆயிரம் தியேட்டரில் ஓடுகிறது.

அதைக் கேட்டது நீயும் நானும். ஜீப் ஓட்டிய ஜெயமுருகன் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தைக்குக்கூட நான் சொன்னதில்லை, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே இருந்துவிட்டேன். இப்போது பெருமாள்மலை டீக்கடையில் சொல்கிறார்கள். வத்தலக்குண்டு மண்டியில் மூட்டை இறக்குகிற ஆட்கள், அப்பா வேனை விட்டு இறங்கியதும் கோரஸாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு அப்பாவைத் தெரியாது, காலை இழுத்து நடக்கிற ஒரு கேரட்டுக்காரர் என்று மட்டும் தெரியும். அது போதுமே. ஏரியைச் சுற்றி வருகிற டூரிஸ்டுகள் வாடகைக் குதிரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரீல்ஸ் எடுக்கிறார்கள். புருஷன் குதிரையிடம் சொல்ல, பொண்டாட்டி சிரிக்கிறாள்.

மண்டியில் முதல் தடவை அப்பாவும் கூடச் சிரித்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

தொடரையும் படத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னாயே. அசலில் கிழவரை ஊர் பைத்தியம் என்கிறது, எடுத்தவன் சொல்லவில்லை. உங்கள் படத்தில் ஊர் சும்மா இருக்கிறது, எடுத்தவன் சொல்கிறான். எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான்.

வசன உதவி பார்த்தேன். உதவிதான்.

பாண்டிச்செல்வி

வளசரவாக்கம்
15 ஜூலை 2025

செல்வி,

சரி. நான்தான் எழுதினேன்.

ஆனால் நீ நினைப்பது போல இல்லை. அந்த ஜீப்பில் நானும் இருந்தேன். என்னைப் பெற்றவள் போல இருந்தவர் உன் அம்மா. அப்பா இல்லாத என்னைப் படிக்க வைத்தவர் மாமா. அந்த வார்த்தை இத்தனை வருஷம் எனக்குள்ளும் கிடந்து அறுத்தது. நான் எழுதிக் கொடுத்தபோது அது அழுகைக் காட்சி. சத்தியமாகச் செல்வி. கிழவர், அவருடைய பொண்டாட்டி, அந்த வரி. படித்துவிட்டு டைரக்டர் கண்ணைத் துடைத்தார். மறுநாள் வந்து, "பொண்டாட்டிக்குப் பதிலா குதிரை போடு, பிச்சுக்கும்" என்றார். நான் என்ன செய்ய? எட்டு வருஷமாக அசிஸ்டென்ட். முடியாது என்று சொன்னால் வெளியே பத்துப் பேர் நிற்கிறார்கள். போட்டேன். நடிகர் பேசியதும் யூனிட்டே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமாவை யாரும் கேலி செய்யவில்லை, ஜனங்கள் அந்தப் பாத்திரத்தை நேசிக்கிறார்கள். அதை அவர் பெருமையாக எடுத்துக்கொள்ளலாமே. எத்தனை விவசாயியின் பேச்சு தமிழ்நாடு முழுக்கக் கேட்கிறது?

ஒரு சந்தோஷமான செய்தி. இரண்டாம் பாகம் முடிவாகிவிட்டது. ஜப்பான் தொடரோடு இனிச் சம்பந்தமில்லை, முழுக்க முழுக்கக் கேரட்டு மாமாவின் கதை. வசனம் முழுவதும் நான். உதவி இல்லை, வசனம். நான் இதற்காகத்தான் மலையை விட்டு இறங்கினேன் என்று உனக்குத் தெரியும்.

கோபப்படாமல் கேள். மாமா தண்ணீர் பாய்ச்சும்போது தனக்குத் தானே பேசிக்கொள்வாரே, காட்டெருமை வேலியை முறித்தால் திட்டுவாரே, அதெல்லாம் எனக்கு மறந்து போகிறது. சென்னையில் இருந்து இருந்து காது கெட்டுவிட்டது. ஞாபகம் வருவதை எழுதி அனுப்பு. உனக்கு இருக்கும் காது எனக்கு இல்லை என்று முன்பே சொல்லியிருக்கிறேன். நம் கல்யாணத்துக்கப்புறம் நீயும் என்னோடு உட்கார்ந்து எழுதலாம்.

மாமாவிடம் என்ன செய்தால் சமாதானம் என்று கேட்டு எழுது. செய்கிறேன்.

கோகுல்

கிளாவரை
28 ஜூலை 2025

கோகுல்,

உன் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்க எனக்குத் தெம்பு வேண்டியிருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

அப்பாவிடம் கேட்டேன். நீ எழுதியதையெல்லாம் சொல்லவில்லை, ஒத்துக்கொண்டாய் என்பதை மட்டும் சொன்னேன். ரொம்ப நேரம் பூண்டை உரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம், "வரச் சொல்லு. ஆவணி முதல் வெள்ளி, கோயில்ல. பெருசா ஒண்ணும் வேணாம். இது எங்க அத்த சாகும்போது எங்க மாமன் சொன்ன வார்த்தை, நாந்தான் எடுத்துக் குதிரைக்குப் போட்டேன்னு ஊர் முன்னால சொல்லட்டும். சிரிச்சவனெல்லாம் வாய மூடிக்கிருவான். அவனே சூடத்தக் கொளுத்தட்டும். எனக்கும் அவன விட்டா யாரு இருக்கா?" என்றார்.

நான் உனக்காக எதையும் கேட்கவில்லை, அவரே இறங்கி வந்தார். தைக் கல்யாணத்துக்கும் மறுபடி ஒத்துக்கொண்டார், "நாள மாத்த வேணாம்" என்றார்.

நானும் மாற்றவில்லை. இவ்வளவு எழுதியபிறகும் மாற்றவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமை. கொடைக்கானலிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்தால் போதும். ஒரு நாள், ஒரு வாக்கியம். அத்தையும் வருவார்கள். அவர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கொல்லையின் நிறத்தை மாற்றியதற்காக அண்ணன் கோபித்துக்கொண்டான் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையை உன் வாயால் கேட்கட்டும்.

செல்வி

வளசரவாக்கம்
13 ஆகஸ்ட் 2025

அன்புச் செல்விக்கு,

22ஆம் தேதி என்னால் வர முடியாது. அன்றைக்குத்தான் இரண்டாம் பாகத்துக்குப் பூஜை. டைரக்டரிடம் கேட்டேன், வசனகர்த்தா இல்லாமல் பூஜையா என்று ஒரு பார்வை பார்த்தார். அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி, எது வேண்டுமானாலும் வருகிறேன். மாமா ஒத்துக்கொள்வார். அவர் மனசு எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு. கூடவே அம்மாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். போனில் கத்தினால் அவளுக்குக் காதில் விழாது, ஊருக்கே கேட்கும். அவளுக்கு எழுத்துத் தெரியாது, வழக்கம்போல நீயே காதோரம் வாசித்துக் காட்டு. எல்லாவற்றையும் அதில் ஒத்துக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது அழுதேன், மை கலைந்திருக்கும், மன்னித்துக்கொள். என் சார்பாக அம்மா 22ஆம் தேதி கோயிலுக்குப் போய், மாமா காலில் விழுந்து, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும். தங்கச்சி விழுந்தால் அண்ணன் இரங்காமல் இருப்பாரா? சூடத்தையும் அவளே கொளுத்தலாம்.

நான் கேட்டிருந்த மாமாவின் பேச்சை இன்னும் அனுப்பவில்லையே? பூஜைக்கு முன்னால் நாலைந்து கிடைத்தாலும் போதும். டைரக்டர் தினமும் கேட்கிறார்.

கோகுல்

கிளாவரை
24 ஆகஸ்ட் 2025

கோகுல்,

பூஜை நல்லபடியாக நடந்திருக்கும். இங்கே நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நீ வரமாட்டாய் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருந்துதான் பார்ப்போமே என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை காலையிலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் போய் நின்றார். கிளாவரை பஸ் வந்தது. இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். அது திரும்பிக் கொடைக்கானலுக்கும் போயிற்று. "வழியில மரம் சாஞ்சிருக்கும்லே, அடுத்த பஸ்ஸுக்கு வருவான்" என்று வேலுச்சாமியிடம் சொன்னார். கேட்காமலே சொன்னார். அடுத்த பஸ்ஸிலும் நீ இல்லை. அப்போது கூட்டத்தில் யாரோ மெதுவாக, "கண்ணத் தொற" என்று ஆரம்பித்தான். மீதியைப் பத்துப் பேர் முடித்தார்கள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். என்னைக்கூடக் கூப்பிடவில்லை.

அத்தை கோயிலுக்கு வரவில்லை. நீ எழுதிய கடிதத்தை அதுவரைக்கும் நான் அவர்களுக்கு வாசிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் எடுத்துக்கொண்டு போனேன்.

படம் எடுப்பது எனக்குத் தெரியாது. ஆனால் எதை வைக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும் என்று உன்னிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். நீ எழுதியது நீளமாக இருந்தது. அத்தைக்கு அவ்வளவு நேரம் காது கொடுத்துக் கேட்க முடியாது. நீ அழுத இடங்களை எடுத்துவிட்டேன். மாமா என்னைப் படிக்க வைத்தார் என்ற பக்கம் கதையை இழுத்தது, அதையும் எடுத்தேன். மன்னித்துவிடு அம்மா என்று நாலு இடத்தில் வருகிறது, திரும்பத் திரும்பச் சொன்னால் அலுக்கும். காலில் விழச் சொன்ன இடத்தையும் வாசிக்கவில்லை. விழுந்திருப்பார்கள், அப்பாவும் தூக்கி விட்டிருப்பார்.

நான் வாசித்தது இவ்வளவுதான்: அந்த வார்த்தை அத்தை சாகும்போது மாமா சொன்னது. நான்தான் எழுதினேன். குதிரைக்குப் போட்டதும் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டாம் பாகம் எடுக்கிறோம். இருபத்திரண்டாம் தேதி எனக்குப் பூஜை இருக்கிறது, வரமுடியாது.

ஒரு சொல்லையும் நான் சேர்க்கவில்லை. எல்லாம் உன் கையெழுத்து.

அத்தை நேற்றுக் கோயிலுக்குப் போனார்கள். கூட யாரையும் அழைக்கவில்லை. வழியில் கண்டவர்கள்தான் பின்னால் போனார்கள். சூடத்தைக் கொளுத்தினார்கள், அது கொஞ்சம் எரியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள், அப்புறம் கையால் அணைத்தார்கள். "எனக்குப் பிள்ள இல்ல. எங்க அண்ணனுக்கும் மருமகன் இல்ல" என்றார்கள். அத்தைக்குத் தன் குரல் எவ்வளவு ஏறுகிறது என்று தெரியாதல்லவா, பூண்டுக் காடு வரைக்கும் கேட்டது. கை கொப்புளித்துவிட்டது, மஞ்சள் வைத்திருக்கிறேன். தையில் வைத்த அதே நாளில் என்னைத் தன் பேரனுக்குக் கேட்டிருக்கிறாராம் வேலுச்சாமி, அப்பா சொல்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உனக்குப் பதில் சொல்லிவிட்டேன், அது போதும்.

நீ அத்தைக்கு மறுபடியும் எழுதுவாய். எழுது. என் கைக்குத்தான் வரும்.

வாசித்து முடித்ததும் அத்தை தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாய்.

"அம்புட்டுத்தான் எழுதிருக்கானா?" என்று கேட்டார்கள்.

அம்புட்டுத்தான் அத்தை என்றேன்.

பாண்டிச்செல்வி